சின்னாயிக்கு வயது பத்தொன்பது

சின்னாம்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஃபாத்திமா டீச்சருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பகுதி நேர ஓவிய ஆசிரியை. வீடு சேலம் நாலு ரோட்டுப் பக்கம். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலையில் ஆட்டையாம்பட்டி வழியாக மல்லசமுத்திரம் போகும் பஸ்ஸைப் பிடிப்பாள். அங்கே இறங்கி மினி பஸ் மாறிப் பள்ளிக்கூட வாசலில் கால் வைக்கும்போது முதல் மணி அடித்துக்கொண்டிருக்கும். இப்படியே பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது. கணவர் வின்சென்ட் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். இத்தனை தூரம் அலைவதற்கு டவுனிலேயே ஒரு பள்ளிக்கூடம் பார்க்கலாமே என்று வருஷத்துக்கு ஒரு தடவை சொல்வார். பார்க்கலாம் என்பாள் அவளும். பார்த்ததில்லை.

படம் போடும் கை அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா உபகாரசாமி மாதா கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் தீட்டிப் பிழைத்தவர். திருவிழாக் காலம் நெருங்கினால் அந்தோணியாரும் செபஸ்தியாரும் சூசையப்பரும் அவர்கள் வீட்டு முன்னறையில் வரிசையாக வந்து நிற்பார்கள். பாதத்துக்கு மட்டும் மூன்று கை வர்ணம் அடிப்பார் உபகாரசாமி. ஜனங்கள் தொட்டுத் தொட்டுக் கும்பிடுகிற இடம், அங்கேதான் முதலில் தேயும் என்பார். பத்து வயதில் ஃபாத்திமா அந்தோணியாரின் அங்கிக்குக் காவி குழைத்துக் கொடுத்தாள். பதினைந்தில் சுரூபத்துக்குக் கண் வரைந்து திறக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரம், பிள்ளைகளிடம் உங்கள் ஊரை வரையுங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். முப்பத்திரண்டு தாள்கள் வந்தன. முப்பத்திரண்டிலும் இரண்டு மலை, நடுவில் உதிக்கிற சூரியன், மலையிலிருந்து இறங்கி வருகிற ஆறு, ஆற்றோரம் ஒரு குடிசை, ஒரு தென்னை. சின்னாம்பாளையத்தில் ஆறும் கிடையாது, மலையும் கிடையாது. வாசலுக்கு நேர் எதிரே ஜவ்வரிசி மில்லும், அதன் காயப்போடும் களமும், அதற்கு அப்பால் தறிக்கூடங்களும் இருந்தன. இந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, போய்க் காலை நனைத்துவிட்டு வரலாம் என்று அவள் கேட்டதும் வகுப்பே சிரித்தது. அன்று ஒரு விதி போட்டாள். பார்க்காததையும் விசாரிக்காததையும் யாரும் வரையக் கூடாது. வரைவதற்கு முன்னால் ஆளுக்கொரு விசாரணை நோட்டு எழுத வேண்டும். யாரிடம் கேட்டோம், அவர் என்ன சொன்னார், நாம் கண்ணால் கண்டது என்ன என்று மூன்று பத்தி. படத்தைவிட நோட்டைத்தான் முதலில் திருத்துவாள்.

அந்த நோட்டுகளால் ஊரே படமாகிக்கொண்டு வந்தது. களத்தில் ஜவ்வரிசி காயும் நிறம், தறி ஓட்டுகிறவரின் விரல்கள், போர்வெல் போடும் ரிக் லாரியின் பின்பக்கம், மாரியம்மன் கோயில் தேர்ச் சக்கரத்தில் செதுக்கிய யாளி எல்லாம் வந்தன. கணக்கு டீச்சர் அடிக்கடி ஓவியப் பீரியடைக் கடன் கேட்பார். இவளும் கொடுப்பாள். அதனால் பெரிய மனக்குறை ஒன்றும் இல்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பிள்ளைகள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டதால் அவளுக்குப் போன பீரியடு திரும்பிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பரில், ஊரில் யாரும் கவனிக்காத பழைய பொருள் ஒன்றைப் பற்றி எழுதிவரச் சொன்னாள். எட்டாம் வகுப்பு நிலா, மினி பஸ் திரும்புகிற முச்சந்தியில் நிற்கும் சுமைதாங்கியைப் பற்றி எழுதியிருந்தாள். நிலாவுக்கு ரப்பரைக் கடிக்கிற பழக்கம் உண்டு. யோசனை அதிகமாக இருக்கும் நாளில் ரப்பர் பாதியாகிவிடும். அன்றைய நோட்டில் ரப்பர்த் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

இரண்டு கல்தூண், அவற்றின் மேல் குறுக்காக ஒரு பட்டைக்கல். தலைச்சுமையோடு நடந்து போகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை அப்படியே அதன்மேல் சாய்த்து இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்வதற்காக அந்தக் காலத்தில் நட்டது. ரோடு போட்டுப் போட்டு மண் மேடேறியதில் கல் இப்போது பிள்ளைகளின் மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. பையன்கள் அதை ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடினார்கள். காதுகுத்து போஸ்டரும் கட்சி போஸ்டரும் அதன்மேல் ஒரு விரற்கடைத் தடிமனுக்கு ஏறியிருந்தன.

ஃபாத்திமா வகுப்பையே அங்கே கூட்டிப்போனாள். ஈரச் சாக்கைப் போட்டு ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, இரண்டு வாரம் உட்கார்ந்து போஸ்டர்களை உரித்தார்கள். பட்டைக்கல்லில் எழுத்து தெரிந்தது. ஆனால் படிக்க முடியவில்லை. எதிர் மில்லிலிருந்து கொஞ்சம் மரவள்ளி மாவு வாங்கிவந்து கல்மேல் பூசித் துடைத்தார்கள். பள்ளத்தில் மட்டும் மாவு தங்கி, எழுத்துகள் வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தன. முதல் வரி தெளிவாகவே இருந்தது. “கண்ணுசாமி பெண்சாதி சின்னாயி.” இரண்டாம் வரியின் முன்பாதி யாரோ கொடிக்கம்பம் கட்ட ஆணி அடித்ததில் பெயர்ந்து போயிருந்தது. மிச்சத்தில் ஒரு ‘த’, சற்றுத் தள்ளி ஒரு ‘ம’, கடைசியில் இன்னொரு ‘ம’.

“தருமம்,” என்றாள் ஃபாத்திமா. “சின்னாயி தருமம். அவங்க தானமா வச்ச கல்லு.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். டீக்கடையில் விசாரித்தபோது கண்ணுசாமி யார் என்பதும் உடனே கிடைத்தது. ரிக் வண்டி மதியழகனின் பூட்டன், அதாவது தாத்தாவுக்கு அப்பா.

மதியழகனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. போர் போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருந்தார். இரண்டும் சத்தீஸ்கரில் ஓடிக்கொண்டிருந்தன. செய்தி கேட்டு அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். எங்கள் பூட்டி இவ்வளவு பெரிய மனுஷி என்று எங்களுக்கே இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். லாரிக்கு அடிக்கும் நல்ல பெயிண்டாகப் பத்து டப்பா அனுப்பிவைத்தார். கண்காட்சியில் வைக்கட்டும் என்று பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து குடும்பப் பத்திரம் ஒன்றையும் எடுத்து நகல் போட்டுக் கொடுத்தார்.

கண்காட்சி நவம்பரில், மரபு வாரத்தில். தலைமை ஆசிரியர் தண்டாயுதபாணிக்கு அது பெரிய காரியம். மாவட்டக் கல்வி அலுவலர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பள்ளி முகப்புச் சுவர் முழுவதையும் ஃபாத்திமாவுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அவளும் பிள்ளைகளுமாகப் பத்து நாள் உழைத்தார்கள். நடுவில் சின்னாயி. ஐம்பது வயது மதிக்கத்தக்க செழிப்பான அம்மாள், காது நிறையத் தோடு, கழுத்து நிறைய நகை, வழிப்போக்கர்களைப் பார்த்து உயர்த்திய வலது கை. வின்சென்ட் போட்டோவைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சூசையப்பர் சாயல் அடிக்கிறதே என்றார். உண்மைதான், அந்தக் கை அப்பா வீட்டு முன்னறையிலிருந்து வந்த கை. மதியழகன் மனைவி மக்களோடு வந்து படத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை மதியம், நிலா பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிவைப்பதற்காக அவளிடம் அதைக் கொடுத்திருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷத்துப் பத்திரம். மேற்கே உள்ள காட்டைக் கிரயம் செய்திருந்தது.

“டீச்சர், இதுல கண்ணுசாமி பெண்சாதி ராமாயின்னு போட்டிருக்குதுங்க. சின்னாயின்னு இல்லீங்க.”

ஃபாத்திமாவின் கையில் பிரஷ் இருந்தது. தோட்டுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். “அந்தக் காலத்துல வீட்டுல ஒரு பேரு கூப்பிடுவாங்க, பத்திரத்துல ஒரு பேரு எழுதுவாங்க. ரெண்டும் ஒருத்தராத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுத் தோட்டை முடித்தாள். நிலா போய் உட்கார்ந்து ரப்பரைக் கடித்தாள்.

சாயங்காலம் பஸ் ஆட்டையாம்பட்டியில் நின்றது. முறுக்குச் சட்டியின் எண்ணெய் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. அந்த நேரத்தில்தான் ஃபாத்திமாவுக்கு உறைத்தது. ரெண்டும் ஒருத்தராத்தான் இருக்கும் என்று தனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. படம் முடிந்துவிட்டது, அதனால் அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று அவளாகச் சொல்லிக்கொண்டது. பதினோரு வருஷமாகப் பிள்ளைகளுக்கு எதைச் செய்யாதே என்று சொன்னாளோ அதையே அவள் அந்த மத்தியானம் செய்திருந்தாள். ஊர் வந்து சேரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வெட்கமாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் நிலாவிடம், நேற்று நான் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன், உன் கேள்வி சரியான கேள்வி என்றாள். பிறகு எல்லா நோட்டையும் வாங்கி, யாரிடம் கேட்டோம் என்கிற பத்தியை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போட்டாள். டீக்கடைக்காரர், மில் கணக்குப்பிள்ளை, மினி பஸ் கண்டக்டர், கோயில் தர்மகர்த்தா, மதியழகன். இருபத்தாறு நோட்டிலும் ஒரு பெண்பிள்ளை பெயர் இல்லை. தலையில் சுமை தூக்கி நடந்தது யார், கேட்டது யாரிடம் என்று அவள் கேட்டதும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வரவேண்டிய நாள் இல்லையென்றாலும் சுவர் வேலைக்காக வந்திருந்தாள். தறிக்குப் போகும் வழியில் நிலாவின் அம்மா வசந்தாமணி பள்ளிக்கூடத்துக்குள் வந்தாள். கையில் தூக்குப்போசி, தலையில் பஞ்சுத்தூசி. சுவரில் இருந்த நகை போட்ட அம்மாளைக் கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏனுங்க டீச்சர், பாப்பா வந்து கேட்டுச்சுங்க. பிள்ளைககிட்டச் சொல்ற சமாச்சாரம் இல்லீன்னுதான் நாங்க யாரும் வாயத் தொறக்கல. சுமதாங்கி தருமத்துக்கு நடறது இல்லீங்க. வகுத்துப் பிள்ளையோட ஒருத்தி போயிட்டான்னா, அவ அந்தச் சுமைய எறக்காமயே போயிட்டாள்னு, அவ பேருல நடறதுங்க. நாலு பேரு அதுல சுமைய எறக்கி வெச்சா அவளுக்கும் எறங்குன மாதிரின்னு சொல்லுவாங்க.”

இது ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியுமா என்று ஃபாத்திமா கேட்டாள். நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும் என்றாள் வசந்தாமணி. கர்ப்பமாக இருக்கும்போது அந்த முச்சந்தியைச் சுற்றிக்கொண்டுதான் போவார்களாம். “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிட்டோமுங்க,” என்று சொல்லிவிட்டுத் தறிக்கு நேரமாயிற்று என்று வேகமாகப் போய்விட்டாள்.

மண்ணில் புதைந்த பாகத்திலும் எழுத்து இருக்கலாம் என்று அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் கேட்டு, கல்லின் அடியில் மண்ணை வெட்டிப் பார்க்க அனுமதி வாங்கினார்கள். பள்ளிக் காவலர் கடப்பாரையை ஓரமாக வைத்துவிட்டுக் களைக்கொத்தால் மெதுவாகக் கிளறினார். இரண்டு அடி இறங்கியதும் இடதுபக்கத் தூணில் எழுத்து வந்தது. மாவைப் பூசித் துடைத்தார்கள். முதலில் “சுபகிருது வருசம்” என்று வந்தது. அப்படியென்றால் மேலே பட்டைக்கல்லில் இருந்த ‘த’வும் ‘ம’வும் தருமம் இல்லை, தை மாதம். கீழே இன்னும் ஒரு வரி. “வயது” என்பது தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு ‘ய’வும் ஒரு ‘கூ’வும்.

யகூ என்று பிள்ளைகள் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத கோகுல்ராஜ் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அது எழுத்து இல்லை, தமிழ் எண் என்றான். தமிழ்ப் புத்தகத்தில் இருக்கிறது, ‘ய’ மாதிரி இருந்தால் பத்து, ‘கூ’ மாதிரி இருந்தால் ஒன்பது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தையும் காட்டினான்.

பத்தொன்பது. யாரும் சிரிக்கவில்லை.

சுபகிருது அறுபது வருஷத்துக்கு ஒரு முறை சுற்றிவரும் வருஷம். தமிழாசிரியரும் பிள்ளைகளுமாகக் கணக்குப் பார்த்தார்கள். பத்திரத்தில் கண்ணுசாமிக்குப் பதினொன்றாம் வருஷம் பெண்சாதி ராமாயி. ஆகவே இது அதற்கு முந்தைய சுபகிருது. இந்தத் தை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருஷத்துத் தை. சின்னாயி பத்தொன்பது வயதில் போய்விட்டாள். கண்ணுசாமி அவள் பேரில் கல்லை நட்டுவிட்டு, பிறகு ராமாயியைக் கட்டியிருக்கிறார். நகையும் இல்லை, ஐம்பது வயதும் இல்லை.

தண்டாயுதபாணி ஆத்தூர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். “நாலு நாள்தான் இருக்குதும்மா. ஆபீசர் வந்து கல்வெட்டா படிக்கப் போறாரு? படம் நல்லா இருக்குது, இருந்துட்டுப் போவட்டுமே. அதுவுமில்லாம, நெறமாசத்துல செத்தவங்கள ஸ்கூல் செவுத்துல வரையிறதா?”

“பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு சார்,” என்றாள் ஃபாத்திமா. “இனிமே அது இருந்தா, நான் அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாமே சும்மான்னு ஆயிடும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். செய்வதைச் சீக்கிரம் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். பத்து நாள் உழைப்பில் வந்த முகத்தின்மேல் ஃபாத்திமாவே வெள்ளை அடித்தாள். கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அடிக்க அடிக்க உடம்பு லேசாகிக்கொண்டு வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

எதை வரைவது என்பதில் சனிக்கிழமை காலை முழுவதும் போயிற்று. சின்னாயியின் முகம் யாருக்கும் தெரியாது. ஆகையால் அவளை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் வரையலாம் என்றார்கள் சில பேர். கல்லில் பேர் இருக்கிறது, ஆளை விடக் கூடாது என்றார்கள் சில பேர். கடைசியில் நிலாதான், எங்கள் அக்காவுக்கும் பத்தொன்பது வயதுதான் என்றாள்.

அக்கா அறிவுச்செல்வி நாமக்கல்லில் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வாரக் கடைசிக்கு ஊருக்கு வந்திருந்தாள். வசந்தாமணிக்கு இந்த யோசனை துளியும் பிடிக்கவில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணைப் போய் அந்தச் சாவுக்கு மாதிரியாக நிற்கவைப்பதா என்று ஒரேயடியாக மறுத்தாள். ஃபாத்திமாவும் வற்புறுத்தவில்லை, வேண்டாம் என்றே சொல்லிவிட்டாள். ஆனால் அறிவுச்செல்வி விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு, தானே கிளம்பிவிட்டாள். போன மாதம் முழுக்க அவளுக்குப் பிரசவ வார்டில் டியூட்டி.

“அம்மா, அன்னிக்கு டாக்டரு இல்ல, வண்டி இல்ல, ரத்தம் இல்ல. இன்னிக்கு அப்புடி யாரையும் சும்மா உட்ற மாட்டோம். நான் நிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது.”

வசந்தாமணி மகளை முறைத்துப் பார்த்தாள். பிறகு, நிற்பதென்று ஆனபிறகு ஒழுங்காகச் சேலை கட்டிக்கொண்டு நில் என்று உள்ளே போய்த் தன் சுங்குடிச் சேலையை எடுத்துவந்து, கொசுவத்தைப் பின்பக்கம் வைத்துப் பழைய கட்டாக அவளே கட்டிவிட்டாள்.

தட்டைப்பயிற்றுச் சாக்கு ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு அறிவுச்செல்வி பள்ளி மைதானத்தில் முக்கால் மணி நேரம் நின்றாள். இருபத்தாறு பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து வரைந்தார்கள். கழுத்து வலிக்கிறது என்றாள். மூக்கு அரிக்கிறது என்றாள். போன் அடித்தபோது சாக்கோடு நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்தாள். ஃபாத்திமா கையில் பென்சிலை வைத்துக்கொண்டு அவளையே பார்த்திருந்தாள். பத்தொன்பது என்பது இவ்வளவுதான், இன்னும் முகப்பரு போகாத வயது என்று மனதில் பட்டது. பிறகு, யார் நன்றாக வரைந்திருக்கிறார்கள் என்று அறிவுச்செல்வி சண்டை மூட்டிவிட்டதில் எல்லோரும் சிரித்தார்கள், ஃபாத்திமாவும் சிரித்தாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மதியழகனிடம் சொல்ல வேண்டும். வேறு யார் வாய் வழியாகவோ போவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வின்சென்டின் வண்டியில் அவர் வீட்டுக்கே போனாள். நான் தப்பாகப் படித்துவிட்டேன், அவர் உங்கள் பூட்டி இல்லை, உங்கள் பூட்டனின் முதல் சம்சாரம், பிள்ளை பெறாமலே இறந்துவிட்டார் என்று சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் தந்த பெயிண்டின்மேல் வெள்ளை அடித்ததையும் சொன்னாள். மதியழகனின் போன் அடித்தது, எடுக்கவில்லை. காபி சாப்பிட்டுப் போங்கள் என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தாள். கோபமா, வருத்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை கண்காட்சி. சுவர் முழுக்க ஒரு மண் ரோடு. புளிமூட்டை, பருத்திப் பொதி, விறகுக்கட்டு, கடலைச்சாக்கு என்று சுமையோடு வருகிற ஏழெட்டுப் பெண்கள். ஒவ்வொரு சுமையும் எப்படிக் கட்டப்படும் என்பதைப் பிள்ளைகள் அம்மாக்களிடம் கேட்டு வரைந்திருந்தார்கள். நடுவில் கல். கல்லருகே சாக்கை இறக்கப் போகிற இளம்பெண். கீழே ஃபாத்திமா இரண்டு கட்டமாக எழுதச் சொல்லியிருந்தாள். கல் சொல்வது என்று ஒன்று, ஊர் சொல்வது என்று ஒன்று. வயது கல் சொல்வது, வயிற்றுப் பிள்ளை ஊர் சொல்வது. கடைசியில் நிலாவின் கையெழுத்தில் ஒரு வரி: “சின்னாயியின் முகம் நமக்குத் தெரியாது. நம் ஊரில் பத்தொன்பது வயதான அக்காவைப் பார்த்து வரைந்தோம்.”

கல்வி அலுவலர் வந்தார், பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகுதான் மதியழகன் வந்தார். கூடவே மனைவி, மகள், மருமகன். சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்று இரண்டு கட்டத்தையும் வாய்விட்டுப் படித்தார்.

“டீச்சர், ரெண்டு நாளா இதையே நெனச்சிட்டிருந்தனுங்க. இந்தம்மா நல்லபடியாப் பெத்துப் பொழச்சிருந்தா எங்க பூட்டன் ராமாயியக் கட்டியிருக்க மாட்டாரு. எங்க தாத்தன் இல்ல, எங்கப்பன் இல்ல, நான் இல்ல. இவங்களுக்கு நாங்க ஒரு வெளக்குக்கூட வெச்சதில்லீங்களே.”

ஃபாத்திமாவின் பக்கத்தில் நின்ற நிலா, தை மாதம் என்று கல்லிலேயே போட்டிருக்கிறது என்றாள். அவர் குனிந்து அவள் தலையில் கைவைத்து, “ஆமாஞ் சாமி, தையில வெப்போம்,” என்றார்.

தை வருவதற்கு முன்னால் ரிக் வண்டி ஒன்று சத்தீஸ்கரிலிருந்து பழுதுபார்க்க ஊர் திரும்பியது. நெடுஞ்சாலைத் துறையில் அனுமதி வாங்கி, அந்த வண்டியின் கிரேனாலேயே கல்லை அங்குலம் அங்குலமாகத் தூக்கி, ரோட்டிலிருந்து பத்தடி தள்ளி, எல்லா எழுத்தும் தெரிகிற உயரத்துக்கு நட்டார்கள். கல் மேலே எழும்போது பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். கல் முன்பு இருந்த இடத்தையும் புதிய இடத்தையும் நிலா டேப் வைத்து அளந்து நோட்டில் குறித்துக்கொண்டாள். தை வெள்ளியில் மதியழகன் வீட்டில் சின்னாயிக்குச் சேலை வைத்துப் படையல் போட்டார்கள். ஃபாத்திமாவையும் அழைத்திருந்தார்கள். பந்தியில் வசந்தாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெல்லம் போட்ட கச்சாயமும் பச்சைப்பயறும் சாப்பிட்டாள்.

பரிமாறிக்கொண்டு வந்த மதியழகனின் மனைவி, பேச்சுவாக்கில், உங்கள் பூட்டியம்மா பேர் என்னங்க டீச்சர் என்று கேட்டாள். ஃபாத்திமா வாயைத் திறந்தாள். தெரியவில்லை. இலையில் கையை வைத்தபடி யோசித்துப் பார்த்தாள். யாரும் சொல்லிக் கேட்டதாகவே நினைவில்லை.

பஸ்ஸில் வரும்போது அப்பாவுக்குப் போன் போட்டாள். எழுபத்தெட்டு வயது உபகாரசாமிக்கும் தெரியவில்லை. “எங்கப்பாவைப் பெத்தவங்கதானே? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாங்கம்மா. ஆயான்னுதான் சொல்லுவாங்க. எங்கப்பா ஞானஸ்நானம் வாங்குனது பழைய பங்குக் கோயில்ல. அங்க புஸ்தகத்துல இருந்தாலும் இருக்கும்.”

அடுத்த சனிக்கிழமை அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பழைய பங்குக் கோயிலுக்குப் போனாள். பங்குச் சாமியார் நல்ல மனசோடு இரும்பு அலமாரியைத் திறந்து, செல்லரித்த நான்கு பெரிய புத்தகங்களை மேசைமேல் எடுத்து வைத்தார். சாய்ந்த ரோமன் எழுத்து, மங்கிய மை. உபகாரசாமி பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார், ஃபாத்திமா பக்கத்தைப் புரட்டினாள். தாத்தா சவரிமுத்துவின் பெயர் மூன்றாவது புத்தகத்தில் வந்தது. அதற்கு நேரே, தாய் என்கிற பத்தியில், சகாயம்மாள்.

உபகாரசாமி அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மகளிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தார். ஃபாத்திமா பையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்தாள். யாரிடம் கேட்டோம் என்று எழுதி, அதற்குக் கீழே அப்பாவின் பெயரை எழுதிவிட்டு, பங்குப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.